மார்கழியில் ஓடிய கணினி சித்திரையில் ஏன் விழுகிறது?

கேள்வி: ஐயா, குடியாத்தத்தில் திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மொட்டை மாடி அறையில்தான் வேலை. இன்டெல் கோர் ஐ5-9600கே ப்ராசஸர், இசட்390 மதர்போர்டு, டவர் கூலர். ப்ராசஸர் பழையதாக வாங்கியது. மார்கழியில் அதை 4.9 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்கிளாக் செய்து (கம்பெனி நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டி) 1.30 வோல்ட் வைத்தேன். சினிபென்ச் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், தேறியது. பங்குனியில் ரேமை 16 ஜிபியிலிருந்து 32 ஜிபி ஆக்கினேன். இப்போது வீடியோ ரெண்டர் ஆகும்போது நீலத்திரை வருகிறது. சில மாலைகளில் எதுவும் காட்டாமல் சட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது. கேம் ஆடினால் ஒன்றும் ஆவதில்லை. வோல்டேஜை 1.38 வரை ஏற்றினேன், முன்பைவிட மோசமாகிவிட்டது. இன்னும் ஏற்றலாமா? வைகாசி முகூர்த்த வேலைகள் வரிசையில் நிற்கின்றன.

பதில்: ஏற்ற வேண்டாம். இன்றைக்கே பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் எல்லாவற்றையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புங்கள். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பையும் சேர்த்து அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் ஒரு முழு நாள் ரெண்டர் வேலை கொடுங்கள். அப்போதும் விழுந்தால் ஓவர்கிளாக்கின் மேல் பழி போட முடியாது. விழாவிட்டால், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வரலாம்.

இதை முதலில் சொல்லக் காரணம், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரி. பங்குனியில் ரேம் சேர்த்திருக்கிறீர்கள். அதே சமயத்தில் வெயிலும் ஏறிவிட்டது. பிறகு வோல்டேஜையும் ஏற்றினீர்கள். மூன்று மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும்போது எது குற்றவாளி என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும்தான்.

முதலில் வெயிலைப் பார்ப்போம், நம் ஊரில் அதுதானே எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறது. மார்கழி இரவில் உங்கள் மாடி அறை 22 டிகிரி இருந்திருக்கலாம். சித்திரை மதியம் இரண்டு மணிக்கு அதே அறை 39, 40 டிகிரியைத் தொடும். காற்றால் குளிரும் ப்ராசஸரின் சூடு, அறையின் சூட்டோடு ஏறக்குறைய டிகிரிக்கு டிகிரி சேர்ந்தே ஏறும். மார்கழியில் 78 டிகிரியில் ஓடிய சில்லு இப்போது ஒன்றும் மாற்றாமலே 95-ஐ எட்டும். உங்கள் ப்ராசஸருக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் வோல்டேஜை ஏற்றினால் என்ன நடக்கும்? சில்லு தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. 1.30-லிருந்து 1.38-க்குப் போனது பார்வைக்குச் சின்ன எண்தான். கணக்குப் போட்டால் மின்செலவு ஏறத்தாழ 13 சதவீதம் கூடியிருக்கிறது. வேகம் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூடக் கூடவில்லை. அந்த 13 சதவீதமும் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சூடு கூடக் கூட சில்லுக்குள் மின்கசிவு கூடும், அதே வேகத்தில் பிழையில்லாமல் ஓட இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும். நீங்கள் கொடுத்தால் இன்னும் சுடும். நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது இந்தச் சுழலில்தான்.

கேம் ஓடுகிறது, ரெண்டர் விழுகிறது என்பதிலும் புதிர் இல்லை. பல கேம்கள் ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஆறு கோர்களையும் முழுமூச்சாக ஓட்டுவதில்லை. வீடியோ என்கோடிங் ஆறையும் பிழிந்தெடுக்கும். அதோடு ஏவிஎக்ஸ் என்ற கனமான கட்டளைகளையும் நிறையப் பயன்படுத்தும். இதற்காகவே இசட்390 பயாஸில் 'ஏவிஎக்ஸ் ஆஃப்செட்' என்ற அமைப்பு இருக்கிறது. அதில் 2 என்று வைத்தால், அந்தக் கட்டளைகள் வரும்போது மட்டும் 4.9 என்பது 4.7-ஆக இறங்கிக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பயாஸில் எழுதிய வோல்டேஜும் வேலை நேரத்தில் சில்லுக்குப் போய்ச் சேரும் வோல்டேஜும் ஒன்றல்ல. போர்வெல் மோட்டார் போட்டவுடன் வீட்டுப் பல்பு மங்குகிறதே, அதுபோல ஆறு கோர்களும் ஒன்றாக இழுக்கும்போது வோல்டேஜ் இறங்கும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ரெண்டர் ஓட்டுங்கள். விகோர் (கோர் வோல்டேஜ்) வரியில் குறைந்தபட்ச எண் என்ன என்று பாருங்கள். 1.30 வைத்தவர்கள் 1.20-ஐப் பார்த்துத் திகைத்ததுண்டு. இந்த இறக்கத்தைச் சரிக்கட்டத்தான் 'லோடுலைன் காலிபரேஷன்'. அதை நடு அளவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால், சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் குறியைத் தாண்டித் துள்ளும். அது நல்லதல்ல.

இனி, உங்களுக்கு வருவது இரண்டு வேறு நோய்கள் என்றே நினைக்கிறேன். நீலத்திரை ஒன்று, சத்தமில்லாத ரீஸ்டார்ட் மற்றொன்று. நீலத்திரையில் 'டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர்' என்றோ 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்றோ இருந்தால், பெரும்பாலும் அந்த வேகத்துக்குக் கோர் வோல்டேஜ் போதவில்லை என்று பொருள். உங்கள் சூட்டில் அதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பதுதான். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தால் ரேமின் பக்கம் திரும்புங்கள்.

திரையில் ஒன்றும் வராமல் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு மட்டும் கிடைக்கும். அது திருடு போனதை மட்டும் சொல்லிவிட்டு, யார் வந்தார்கள் என்று கேட்டால் கையை விரிக்கும் காவலாளி மாதிரி. அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாலை நேரம் என்று எழுதியிருப்பதால் எனக்குச் சந்தேகம் மின்சாரத்தின் மேல். அந்த நொடியில் அறை விளக்கு கண் சிமிட்டியதா, இன்வெர்ட்டர் மாறும் 'டக்' சத்தம் கேட்டதா என்று கவனியுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் நவீன எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு அது ஒத்துவராது. சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தாலும் சாதாரண முறையில் மின்சாரம் மாறும் இடைவெளி கணினிக்கு அதிகம். பின்பக்கச் சுவிட்சை 'யுபிஎஸ்' முறையில் வைக்க வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர் இரண்டு முறை மதர்போர்டை மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். கோளாறு அந்தச் சுவிட்சில் இருந்தது.

ரேம். உங்கள் ப்ராசஸருக்கு இன்டெல் அதிகாரபூர்வமாகச் சொல்லும் ரேம் வேகம் டிடிஆர்4-2666. எக்ஸ்எம்பியைப் போட்டு 3200-இல் ஓட்டினால் அதுவும் ஓவர்கிளாக்தான், பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருந்தாலும். இரண்டு பழைய குச்சிகளோடு வேறு நேரத்தில் வாங்கிய இரண்டைச் சேர்த்து நான்காக்கினால் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும். ஒரே கம்பெனி, ஒரே வேகம் என்றாலும் உள்ளே இருக்கும் சில்லுகள் வேறாக இருக்கலாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். இதில் நான் கொஞ்சம் பதறுவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், ரேம் சரியில்லாத என் சொந்தக் கணினியில் ஒரு குடும்ப விழாவின் வீடியோவைக் கார்டிலிருந்து நகலெடுத்துவிட்டுக் கார்டை அழித்துவிட்டேன். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. பிறகு ஓட்டிப் பார்த்தால் ஆரத்தி எடுக்கும் இடத்தில் திரையின் பாதி பச்சைக் கட்டங்கள். நீங்கள் கையாள்வது அடுத்தவர் வீட்டுத் தாலி கட்டும் காட்சி. கணினி சரியாகும்வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள்.

எல்லாம் தேறிய பிறகு ஆசை விடவில்லை என்றால், கூலரின் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். மல்டிப்ளையர் 46 (அதாவது 4.6 கிகாஹெர்ட்ஸ்), வோல்டேஜ் 1.25. வோல்டேஜை 'ஆட்டோ'வில் விடாதீர்கள்; போர்டுகள் தேவைக்கு மேல் வாரி வழங்கும். ப்ரைம்95 என்ற சோதனை மென்பொருளில் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், அதுவும் மதியம் இரண்டு மணிக்கு. நிலையற்ற சில்லு எப்போதும் நீலத்திரையோடு விழாது. கோருக்கு ஒன்றாக ஓடும் ஆறு வொர்க்கர்களில் ஐந்து ஓடிக்கொண்டிருக்கும்; ஒன்று மட்டும் 'ரவுண்டிங் 0.5, 0.4-க்குக் குறைவாக இருக்க வேண்டும்' என்று எழுதிவிட்டு நின்றிருக்கும். அதுவும் தோல்விதான். அப்போது 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டுங்கள். சூடு 90-ஐத் தாண்டினால் கூட்டுவதை நிறுத்திவிட்டு மல்டிப்ளையரை ஒன்று இறக்குங்கள். பழையதாக வாங்கிய சில்லு 4.9-ஐத் தாங்கியே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரே மாடலிலேயே சில்லுக்குச் சில்லு வேறுபடும்.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை மின்விசிறியைத் திருப்பி வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அவசரத்துக்கு வேலை செய்யும், தூசி சேரும். ஆனால் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரைக் கேபினெட்டின் பக்கம் திருப்பவே கூடாது, ஈரக்காற்று உள்ளே போகும்.

கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடுவோம். உங்கள் ப்ராசஸர் ஓவர்கிளாக் செய்யாமலே ஆறு கோர்களிலும் 4.3 வரை ஓடும். அதில் 60 நிமிடம் எடுக்கும் ரெண்டர் 4.6-இல் 56 நிமிடம், 4.9-இல் 53 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இதுவும் எல்லாம் கூடிவந்தால்தான். ஐம்பதாவது நிமிடத்தில் ஒருமுறை நீலத்திரை வந்தால் பல நாள் மிச்சம் பிடித்தது அன்றே போய்விடும்.

இதைவிடப் பெரிய லாபம் அதே சில்லுக்குள் சும்மா கிடக்கிறது. 9600கே-யில் இன்டெல் யுஎச்டி 630 கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அதிலுள்ள 'குயிக் சிங்க்' வீடியோ என்கோடிங்குக்கென்றே செய்யப்பட்டது. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் பயாஸ் இதை அணைத்து வைத்திருக்கலாம். அதை இயக்கி, டிரைவரை நிறுவி, எடிட்டிங் மென்பொருளின் எக்ஸ்போர்ட் பகுதியில் ஹார்டுவேர் என்கோடிங்கைத் தேர்ந்தெடுங்கள். பிட்ரேட்டை (நொடிக்கு எழுதும் தரவின் அளவு) கொஞ்சம் கூட்டி வைத்தால் படத்தரத்தில் குறை தெரியாது. வைகாசி வேலைகளை இதில் முடித்துக் கொடுங்கள். 4.9-ஐ ஐப்பசி மழை பிடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.