விறுவிறுப்பு வேண்டுமாம்!

கேள்வி: போர், அரசியல் வரலாறு பற்றிய விறுவிறுப்பான ஆவணப்படங்கள் சிலவற்றைச் சொல்லுங்களேன்? (வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: விறுவிறுப்புக்குத்தான் நமது பத்திரிகையில் தொடர்கதை வருகிறதே! ஆவணப்படக்காரர்களுக்கு அந்த ஆசை வந்த நாளிலிருந்துதான் எனக்கு ரத்தக்கொதிப்பு. ஹிட்லர் கையைத் தூக்கினால் ஒரு டமார். விமானம் பறந்தால் ஒரு டமார். வரைபடத்தில் சிவப்பு அம்பு நகர்ந்தால் மூன்று டமார். போதாக்குறைக்குக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கு வண்ணம் பூசி, முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் கிடந்த சிப்பாய்க்கு ரோஜாக் கன்னம் வேறு. முன்பு இதைத் திட்டி எழுதியபோது, ‘ஆசிரியருக்குக் கண்ணில் புரை’ என்று ஒரு வாசகர் கடிதம் போட்டார். புரையை எடுத்தாகிவிட்டது, கருத்து அப்படியே இருக்கிறது.

விறுவிறுப்பே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மார்செல் ஓபுல்ஸ் 1969-இல் எடுத்த ‘தி சாரோ அண்ட் தி பிட்டி’. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஜெர்மானியர் பிடியில் பிரான்ஸ் இருந்தபோது க்ளெர்மான்-ஃபெரான் என்ற ஊரில் யார் என்ன செய்தார்கள் என்று விசாரித்துக்கொண்டே போகிறார். மருந்துக்கடைக்காரர், விவசாயிகள், முன்னாள் ஜெர்மானிய ராணுவ அதிகாரி என்று எல்லோரும் சாவகாசமாகப் பேசுகிறார்கள். அவர்களில் ஒரு கடைக்காரர், பெயர் க்ளைன். பெயரைப் பார்த்து யூதர் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று பயந்து, தான் யூதர் அல்ல எனப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தவர். ஓபுல்ஸ் அதட்டுவதில்லை. அந்த விளம்பரத்தைப் பற்றி மரியாதையாகக் கேட்கிறார், அவ்வளவுதான். மனிதர் விளக்க விளக்க மேலும் மாட்டிக்கொள்கிறார்.

எனக்கோ அதை வாங்கிப் போட்ட பத்திரிகைக்காரர் மேல்தான் கண். வரிக்கு இவ்வளவு என்று வசூலித்திருப்பாரா? எழுத்துப்பிழை திருத்தியிருப்பாரா? பக்கத்துக் கட்டத்தில் என்ன இருந்திருக்கும், பழைய தையல் இயந்திரம் விற்பனைக்கா? எங்கள் விளம்பரப் பிரிவு மேலாளரிடம் இந்தக் கதையை உருக்கமாகச் சொன்னேன். ‘முன்பணம் கொடுத்தாரா சார்?’ என்று கேட்டார்.

தொலைக்காட்சிக்காகவே எடுத்த இந்தப் படம் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்தது 1981-இல்தான். நாடே திரண்டு ஹிட்லரை எதிர்த்தது என்ற கதையைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? ஆனால் படத்தை எதிர்த்தவர்களில், ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய சிமோன் வேயும் உண்டு. பிரெஞ்சுக்காரர் அனைவரையும் கோழைகளாகக் காட்டுகிறது என்பது அவர் வாதம். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். தணிக்கைக்காரர்கள் கதை வேறு. நாஜி வதைமுகாம்களைப் பற்றி அலேன் ரெனே எடுத்த ‘நைட் அண்ட் ஃபாக்’ மொத்தமே 32 நிமிடம். அதில் ஒரு புகைப்படத்தில், பிரான்ஸில் யூதர்களை அடைத்துவைத்திருந்த ஒரு முகாமைக் காவல் காக்கும் பிரெஞ்சுப் போலீஸ்காரரின் தொப்பி தெரிந்துவிட்டது. அந்தத் தொப்பியை மறைக்கச் சொன்னார்கள். மறைத்த பிறகுதான் 1956-இல் படம் வெளியே வந்தது.

சரி, பட்டியல் கேட்டீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, இரண்டாம் உலகப் போரைப் பற்றி 26 பகுதிகள் கொண்ட ‘தி வேர்ல்ட் அட் வார்’. நடிகர் லாரன்ஸ் ஒலிவியேயின் குரலுக்காகவே கேட்கலாம். பிறகு எரோல் மோரிஸின் ‘தி ஃபாக் ஆஃப் வார்’ (2003). 1945 மார்ச்சில் ஒரே இரவில் அமெரிக்க விமானங்கள் டோக்கியோவில் சுமார் ஒரு லட்சம் பேரை எரித்ததைப் பற்றி, தோற்றிருந்தால் நாங்கள் போர்க்குற்றவாளிகள் என்று, வியட்நாம் போர்க்கால அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா தானாகவே சொல்கிறார். வியட்நாம் போருக்கு நீங்கள் பொறுப்பில்லையா என்று முடிவில் மோரிஸ் கேட்கும்போது மட்டும், மேற்கொண்டு பேச மறுத்துவிடுகிறார்.