ஜப்பானில், ஒரு மதத்தின் பெயரையே கொண்ட தென்ரி நகரத்துக்கு வெளியாட்கள் போகலாமா? கோவிலுக்குள் விடுவார்களா?

தாராளமாகப் போகலாம். தென்ரிக்கியோ என்னும் அந்த மதத்தின் தலைமைக் கோவில் இரவு பகலாகத் திறந்திருக்கும். நீங்கள் யார், எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். நான் ஒசாகாவில் வசிக்கிறேன்; ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவேன். பக்கத்து நாரா நகரம் வரை வருகிறவர்கள் மான்களோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது எனக்கு வருத்தம்தான். அங்கிருந்து தென்ரி ரயிலில் கால் மணி நேரம்.

இந்த மதத்தைத் தோற்றுவித்த நாகயாமா மிகி விவசாயக் குடும்பத்துப் பெண். 1838இல், நாற்பது வயதில், தெய்வம் அவர்மேல் இறங்கியது என்கிறார்கள். குடும்பச் சொத்தை ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தார். அதிகாரிகள் பலமுறை பிடித்து அடைத்தார்கள். கடைசியாக 1886இல், எண்பது வயதைக் கடந்த பிறகும். அவர் வாழ்ந்த வீட்டு வளாகத்தில் உள்ள ஜிபா என்ற இடத்தில்தான் மனிதகுலம் தோன்றியது என்பது இவர்களின் நம்பிக்கை. அதனால் இங்கே வருகிற பக்தர் யாத்திரை வந்ததாக நினைப்பதில்லை, பிறந்த வீட்டுக்கு வந்ததாகவே நினைக்கிறார். 1954இல் பல ஊர்களைச் சேர்த்து நகரமாக்கியபோது மதத்தின் பெயரையே சூட்டினார்கள்.

ஜிபாவில் கன்ரோதாய் என்னும் அறுகோணத் தூண் நிற்கிறது. அதற்கு நேர்மேலே கூரை கிடையாது, வானம்தான். சுற்றிலும் நான்கு பக்கமும் பாய் விரித்த மண்டபங்கள். எந்தத் திசையில் உட்கார்ந்தாலும் எல்லோர் முகமும் நடுவை நோக்கியே இருக்கும். மிகி இன்றும் உயிரோடு இருக்கிறார் என்று நம்புவதால், அவருடைய சன்னதியில் மூன்று வேளையும் சாப்பாடு படைக்கிறார்கள். நீண்ட மரத் தாழ்வாரங்களில் முழங்காலிட்டுத் தரையைத் துடைத்தபடி போகிறவர்களைக் கட்டாயம் பாருங்கள். கூலிக்கு வந்தவர்கள் இல்லை, பக்தர்கள். கடவுள் இரவலாகத் தந்த உடம்புக்கு நன்றியாகச் செய்யும் இந்த உழைப்புக்கு ஹினோகிஷின் என்று பெயர். என்னைக் கேட்டால், இந்த மதத்தைப் புரிந்துகொள்ள அந்தத் தாழ்வாரமே போதும்.

கோவிலைச் சுற்றி, பக்கத்துக்கு 872 மீட்டர் நீளத்தில் ஒரு சதுரமாகக் கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டு 1950களில் வேலையைத் தொடங்கினார்கள். இன்னும் முடியவில்லை. பல மாடிக் கட்டடங்களின் உச்சியில் கோவில் போலவே ஓட்டுக் கூரை. உள்ளே பார்த்தால் மருத்துவமனை, பள்ளி, பக்தர் விடுதி. ஜூடோவில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஓனோ ஷோஹேய் படித்ததும் இங்குள்ள தென்ரி பல்கலைக்கழகத்தில்தான்.

கூட்டத்தோடு பார்க்க ஆசையென்றால் 26ஆம் தேதி போங்கள். மாத வழிபாட்டு நாள், முதுகில் மதத்தின் பெயர் எழுதிய கறுப்பு மேலங்கிகளால் கடைவீதி நிறைந்திருக்கும். மண்டபத்துக்குள் படம் எடுக்காதீர்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், குளிர்காலமென்றால் தடித்த காலுறை கொண்டுபோங்கள். நேரம் மிஞ்சினால் ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் இசோனோகாமி கோவிலுக்கும் நடந்துவிடுங்கள். அது மிகியின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது, வளாகம் முழுக்கச் சேவல்கள் திரியும்.