அம்மா மன்னிச்சிட்டாங்க, என்னால முடியலையே

கேள்வி: எங்க அண்ணனைக் கொலை பண்ணி ரெண்டு வருஷம் ஆகுது. கேஸ் இன்னும் நடக்குது. நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம். அடக்கம் முடிஞ்ச அன்னைக்கே அம்மா எல்லார் முன்னாடியும் "அவனை மன்னிச்சிட்டேன்"னு சொல்லிட்டாங்க. கொன்னவனோட அம்மா ஒரு நாள் வீடு தேடி வந்தப்ப உள்ள கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசுனாங்க, நான் ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டேன். இப்ப நினைவு நாள் ஆராதனையில நானும் மேடை ஏறி மன்னிச்சிட்டேன்னு சாட்சி சொல்லணும்னு போதகர் கேட்கிறார். ஜெபத்துல உட்கார்ந்தாலே கோபம்தான் வருது. நான் விசுவாசம் இல்லாதவளா? அம்மா அண்ணனை மறந்துட்டாங்களோன்னும் தோணுது. (பெயர் வேண்டாம்)

பதில்: நினைவு நாள் நெருங்குதுன்னு எழுதியிருக்கீங்க, அதனால மொதல்ல அதைச் சொல்லிடறேன். மேடை ஏறாதீங்கம்மா. "ஐயா, இன்னும் என் மனசு அங்க வரல, வராததை வந்துடுச்சுன்னு கர்த்தர் சந்நிதியில சொல்ல எனக்குப் பயமா இருக்கு"ன்னு போதகர்கிட்ட சொல்லுங்க, அவ்வளவு போதும். அவர் கெட்ட எண்ணத்துல கேட்டிருக்க மாட்டார். ஆனா உங்க வீட்டுல விழுந்த அடிக்கு மன்னிப்பு எப்ப வரணும்னு நாள் குறிக்கிற உரிமை அவருக்கு இல்ல, சபைக்கும் இல்ல. இஸ்லாத்துல கொலைக்கு மன்னிக்கிற உரிமையைச் செத்தவரோட வாரிசுகள் கையிலதான் கொடுத்திருக்காங்க, யூத மதத்துல இன்னும் ஒரு படி மேல, செத்தவருக்கு நடந்ததுக்கு அவரைத் தவிர வேற யாரும் மன்னிப்பு கொடுக்க முடியாதுன்னு சொல்ற ஞானிகள் நிறைய. இழந்தவங்களைத் தாண்டிப் போய் வேற யாரும் மன்னிப்பை வாங்கிட முடியாதுங்கிறதுல இவங்க எல்லாரும் உறுதியா இருக்காங்க.

2015 ஜூன் 17, அமெரிக்காவுல சார்ல்ஸ்டன் நகரத்துல இம்மானுவேல் சர்ச்ல புதன்கிழமை வேதபாட வகுப்புக்கு வந்து உட்கார்ந்த ஒரு வெள்ளைக்கார இளைஞன், கூட உட்கார்ந்திருந்த கறுப்பின மக்கள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்னான். ரெண்டே நாள்ல, ஜாமீன் விசாரணையில அவன் முகத்தை வீடியோவுல பார்த்துக்கிட்டே அம்மாவை இழந்த ஒரு பொண்ணு "உன்னை மன்னிக்கிறேன்"னு அழுதுகிட்டே சொன்னாங்க, உலகமே அதைப் பார்த்து ஆடிப் போச்சு. ஆனா அதே அம்மாவுக்குப் பிறந்த இன்னொரு மகளைப் பத்தி நம்ம பக்கம் யாரும் அவ்வளவா பேசறதில்ல. அவங்க பேர் ஷரோன் ரிஷர், அவங்களே ஒரு போதகர், ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கிறவங்க பக்கத்துல உட்கார்ந்து ஜெபம் பண்றதுதான் அப்ப அவங்க வேலையே. தங்கச்சி மன்னிச்சேன்னு சொன்னதைக் கேட்டு அவங்களுக்கு அதிர்ச்சி, என்னால முடியலன்னு வெளிப்படையாவே சொன்னாங்க, மன்னிப்புக்கு வந்து சேர அவங்களுக்கு வருஷக்கணக்கா ஆச்சு. ஒரே அம்மா வயித்துல பிறந்து, ஒரே விசுவாசத்துல வளர்ந்து, ஒரே சாவுக்கு அழுத ரெண்டு பேர். இதுல யாருக்கு விசுவாசம் குறைச்சல்னு உங்களால சொல்ல முடியுமா? என்னால முடியாது. அந்த ஜாமீன் விசாரணையிலயே அக்காவை இழந்த இன்னொருத்தங்க, எனக்குப் பயங்கர கோபம் இருக்கு, நான் இன்னும் முழுசா மாறி வரல, ஆனா எங்க வீட்டுல வெறுப்புக்கு இடம் கிடையாது, அதனால மன்னிக்கணும்னு அக்கா சொல்லிக் கொடுத்திருக்கான்னு பேசுனாங்க. கோபமும் மன்னிப்பும் ஒரே வாயில வந்துச்சு பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப உண்மையா பட்டுச்சு.

கோபத்தோட ஜெபம் பண்ணா பாவம்னு உங்களுக்கு யார் சொன்னாங்கன்னு தெரியல, உங்க வேதத்துல அப்படி இல்ல. 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னுதான் ஆரம்பிக்குது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், ஆறுதலா ஒரு வார்த்தை வந்து முடியாது, இருந்தும் அதை யாரும் வெட்டி எறியல. வெளிப்படுத்தின விசேஷம் 6-ஆம் அதிகாரத்தை எடுத்து ஒருவாட்டி மெதுவா வாசிங்க, கொல்லப்பட்டவங்களோட ஆத்துமாக்களே பலிபீடத்துக்குக் கீழ இருந்து எங்க ரத்தத்துக்கு எப்ப நியாயம்னு சத்தம் போட்டுக் கேட்குது. பரலோகத்துல! அவங்களை யாரும் அதட்டல, வெள்ளை அங்கி கொடுத்து இன்னும் கொஞ்ச காலம் பொறுத்திருங்கன்னுதான் சொல்லப்படுது. செத்தவங்களே நியாயம் கேட்கலாம்னா, அண்ணனைப் பறிகொடுத்த நீங்க கேட்கக் கூடாதா என்ன. அப்படியே கோபமா போய் உட்காருங்க, கத்தணும்னா கத்துங்க.

சிலுவையில இயேசுவே மன்னிச்சாரேன்னு யாராவது வந்து சொல்வாங்க. அங்க அவர் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்"னு பிதாகிட்ட கேட்டார். உங்களால மன்னிக்கிறேன்னு சொல்ல முடியாத நாள்ல "நீங்களே பார்த்துக்கோங்க, என்னால ஆகல"ன்னு அவர்கிட்ட தள்ளிவிடலாம், அதுவும் ஜெபம்தான்.

இப்ப அம்மா விஷயம். அவங்க அண்ணனை மறந்துட்டாங்கன்னு மட்டும் நினைக்காதீங்கம்மா, இதைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். 2006 அக்டோபர்ல அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல நிக்கல் மைன்ஸ்ங்கிற இடத்துல, ஆமிஷ்ங்கிற ஒரு கிறிஸ்தவப் பிரிவு மக்களோட சின்னப் பள்ளிக்கூடத்துல ஒருத்தன் புகுந்து பத்து சிறுமிகளைச் சுட்டான், அஞ்சு பேர் செத்துப் போனாங்க, அவனும் அங்கயே சுட்டுக்கிட்டுச் செத்தான். அந்த ஊர்க்காரங்க உடனே அவன் பொண்டாட்டி, அப்பா அம்மாவைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னாங்க, அவன் அடக்கத்துக்கும் போய் நின்னாங்க. அவங்களுக்கு மன்னிப்புங்கிறது மொதல்ல எடுக்கிற ஒரு முடிவு, மனசு அதுக்குப் பின்னாடி மெதுவா நடந்து வரும், வராமலும் சண்டித்தனம் பண்ணும், திரும்பத் திரும்ப மன்னிக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள்ல அழுகை ஒண்ணும் நிக்கல, கவுன்சிலிங் போனவங்களும் உண்டு. உங்கம்மாவும் அடக்கத்தன்னைக்கு ஒரு முடிவைத்தான் சொல்லியிருப்பாங்க, ராத்திரி அவங்க எப்படிப் படுத்திருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து "அம்மா, நீங்க அண்ணனுக்காக அழறதை நான் பார்க்கணும்மா, தனியா அழற மாதிரி இருக்கு எனக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. மன்னிக்கலன்னா தேவன் நம்மை மன்னிக்க மாட்டார்ங்கிற பயத்துல அழுகையை அடக்கிக்கிட்டுக்கூட இருக்கலாம், விசுவாசிகள் வீட்டுல இது நடக்கிறதுதான்.

கேஸைப் பத்தி நீங்க கேட்கல, ஆனா யாராவது மன்னிச்சாச்சே, எதுக்கு கேஸ்னு ஆரம்பிச்சா காதுல வாங்காதீங்க. கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவை ஞாபகம் இருக்கா, 1999 ஜனவரியில ஒடிசாவுல மனோகர்பூர்ல மிஷனரியா இருந்த அவங்க கணவர் கிரகாமையும் 10 வயசு, 6 வயசு பையன்கள் ரெண்டு பேரையும் வண்டிக்குள்ள வச்சு எரிச்சாங்க. அந்தம்மா மன்னிச்சேன்னு சொன்னாங்க, அங்கயே தங்கி தொழுநோயாளிகளைப் பார்த்துக்கிட்டாங்க. கேஸ் அது பாட்டுக்கு நடந்துச்சு, முக்கியக் குற்றவாளிக்குக் கிடைச்ச ஆயுள் தண்டனையை 2011-ல உச்ச நீதிமன்றமும் உறுதி பண்ணுச்சு. அவங்க மன்னிச்சதால தீர்ப்பு நிக்கவும் இல்ல, தீர்ப்பு வந்ததால மன்னிப்பு பொய்யாவும் ஆகல. அதனால வாய்தாவுக்குப் போங்க, சாட்சிக்கூண்டுல ஏறச் சொன்னா ஏறி நடந்ததை நடந்தபடி சொல்லுங்க.

அண்ணனைக் கொன்னவனோட அம்மா மறுபடி வந்தா நீங்க ரூமுக்குள்ளயே இருங்க, தப்பே இல்ல. அவங்க வந்து போறதை அம்மாகிட்ட சண்டையா மட்டும் ஆக்கிடாதீங்க, வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்கன்னு கேளுங்க, நீங்க வெளியில போயிட்டு வந்துடலாம். அப்புறம் தூக்கம் வராம, சாப்பிட முடியாம இருந்தீங்கன்னா, இல்ல அந்தக் காட்சியே திரும்பத் திரும்பக் கண்ணுல வந்துச்சுன்னா மனநல டாக்டரை இந்த வாரமே பாருங்க, ஜெபத்தோட சேர்த்துத்தான், அதை விட்டுட்டு இல்ல. போதகர்கிட்ட பேசுனதுக்கு அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க.