பாய்ந்த மீன் ஏன் சிக்கவில்லை?

கேள்வி: நான் ஸ்டாக்ஹோமில் வசிக்கிறேன். ஊரில் இருந்தவரை குளத்தில் தவளை இரை போட்டு விரால் பிடித்துப் பழகியவன். இந்த இலையுதிர்காலத்தில் மேலாரன் ஏரிக்கரையிலிருந்து செயற்கை இரை வீசிப் பைக் (pike) என்னும் நன்னீர் வேட்டை மீனுக்கு முயன்று வருகிறேன். நான்கு வார இறுதிகளில் பதினொரு முறை மீன் இரையை நோக்கி வந்தது. கரைக்கு வந்தவை இரண்டே. கணமும் தாமதிக்காமல் தூண்டில் கோலைச் சுண்டியும் வெறும் இரைதான் திரும்புகிறது. இரவில் கண்ணை மூடினால் அந்த நீர்ச்சுழிப்புதான் தெரிகிறது. என் தவறு எங்கே இருக்கிறது?

பதில்: “கணமும் தாமதிக்காமல்” என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அங்கேயே இருக்கிறது. பைக்கின் முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் வாலை ஒட்டிப் பின்னால் அமைந்திருப்பதால், நாணலோரத்தில் அசையாமல் நிற்கும் அந்த மீன், உடலை வளைத்து ஒரே உதறலில் அம்பு போலப் பாய முடிகிறது. அதன் எடை தூண்டில் நரம்பில் தெரிவதற்கு முன்பே சுழிப்பு உங்கள் கண்ணில் பட்டுவிடுகிறது. கண்ணுக்குக் கட்டுப்பட்டுக் கை சுண்டுகிறது. மீன் வாயை மூடுவதற்குள் இரையை நீங்களே பிடுங்கிவிடுகிறீர்கள். நீங்கள் பயன்படுத்துவது பின்னல் நரம்பு என்றால் அது சற்றும் நீளாது என்பதால், இந்தப் பிடுங்கல் இன்னும் கடுமையாக இருக்கும். விரால் தவளையைக் கவ்வும்வரை பொறுத்திருந்த கை, இங்கே மட்டும் ஏன் பதற வேண்டும்? சுழிப்பைக் கண்டாலும் அதே வேகத்தில் ரீலைச் சுற்றிக்கொண்டிருங்கள். எடை கையில் இறங்கிய பிறகு, கோலை வானத்தை நோக்கித் தூக்காமல், தாழ்த்திப் பக்கவாட்டில் அழுத்தமாக இழுங்கள். ஆனால் எடை தெரிந்த பின்பும் எண்ணிக்கொண்டு நிற்பது தவறு. செயற்கை இரையை மீன் துப்பிவிடும்; துப்பாவிட்டால் தூண்டில் முள் தொண்டைக்குள் போய், விடுவிக்க வேண்டிய மீனும் செத்துவிடும்.

எடை தெரிந்து, இரண்டு உதறலுக்குப் பின் நரம்பு தளர்ந்துபோவது வேறு வகை. பைக் பெரும்பாலும் இரையைக் குறுக்காகக் கவ்வி, பிறகு தலைப்பக்கம் திருப்பி விழுங்கும். அதன் மேலண்ணத்தில் உள்நோக்கிச் சாய்ந்த பற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவை இறுகிப் பிடிக்கும்போது இரை சிறிதும் நகராது. இரை நகராவிட்டால் முள் எப்படி இறங்கும்? நீங்கள் மீனை இழுப்பதாக நினைப்பீர்கள். மீனோ இரையைக் கடித்துக்கொண்டு கூடவே வரும், அலுத்ததும் வாயைத் திறக்கும். ஆகவே எடை இருக்கும்போதே இரண்டாவது முறையும் இழுங்கள். முள்முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்துப் பாருங்கள். வழுக்கினால் தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். ரீலின் பிடி, அதாவது நரம்பு உருவிக்கொண்டு ஓடாமல் தடுக்கும் இறுக்கம், தளர்வாக இருந்தாலும் உங்கள் இழுப்பு முள்ளுக்குப் போய்ச் சேராது. இருபது சென்டிமீட்டர் ரப்பர் இரையில் தலையருகே ஒற்றை முள் மட்டும் இருந்தால், நடுவுடலையோ வாலையோ கவ்வும் மீன் அதைத் தொடவே தொடாது. சிறு எஃகுக் கம்பியில் ஒரு மும்முனை முள்ளைக் கட்டிப் பின்பகுதியில் பொருத்துங்கள்.

பதினொன்றில் எத்தனை உண்மையான பாய்ச்சல் என்றும் எண்ணிப் பாருங்கள். இரையின் பின்னால் வந்து, கரையோரத்தில் திரும்பிவிடும் மீனை நான் தவறவிட்ட கணக்கில் சேர்ப்பதில்லை. அது இன்னும் முடிவெடுக்காத மீன், அதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும். பின்லாந்து மீனவர் லௌரி ரப்பாலா 1936இல் தக்கையைச் செதுக்கித் தம் முதல் செயற்கை இரையைச் செய்தபோது, அடிபட்ட சிறுமீனின் தள்ளாட்டத்தைத்தான் அதில் கொண்டுவர முயன்றார். வேட்டை மீன்கள் அப்படிப்பட்ட மீனையே தேடித் தாக்குவதை அவர் பார்த்திருந்தார். நீங்களும் ஒரே சீராகச் சுற்றாமல், இரண்டு நொடி நிறுத்தி, பிறகு சிறிது அசையுங்கள். நீர் குளிரக் குளிர நிறுத்தம் நீளலாம். நரம்பு மட்டும் தொய்யக் கூடாது. இரை காலடிக்கு வந்ததும் தூக்கிவிடாமல், நீருக்குள்ளேயே எட்டு வடிவில் ஒரு சுற்று விடுங்கள். கடைசி மீட்டரில் கவ்விய பைக்குகள் என் கணக்கில் கணிசமானவை.

முள் தைக்காமல் தப்பிய மீன் பெரும்பாலும் தொலைவு போவதில்லை. உடனே அதன் தலைமேல் வீசுவதுதான் நம் எல்லாருக்கும் வரும் ஆத்திரம். ஐந்து நிமிடம் பொறுத்து, சற்றுச் சிறிய இரையை அந்த இடத்துக்கு அப்பால் வீசி, மெதுவாக அவ்வழியே கொண்டுவாருங்கள். பதினொன்றில் இரண்டு குறைவுதான். ஆனால் பாதி கிடைத்தாலே எனக்கு அது நல்ல நாள். தூக்கம் கெடுக்கும் அந்தச் சுழிப்பு, மீன் இருக்கும் இடத்தையாவது காட்டிக் கொடுத்திருக்கிறது. இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு படுங்கள்.

கேள்வி: இரைக்கு முன்னால் நரம்பில் கட்டும் எஃகுக் கம்பியைக் கண்டுதான் மீன் தயங்குகிறது என்று நண்பர் சொல்கிறார். கழற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். பைக்கின் கீழ்த்தாடைப் பற்கள் நரம்பை எளிதாக அறுத்துவிடும். மும்முனை முள்ளை வாயில் சுமந்துகொண்டு மீன் போகும். கம்பி தடிமனாகத் தோன்றினால் மெல்லிய கம்பியாக மாற்றுங்கள். முள்முனையருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிட்டால் அது எளிதில் தைக்கும், எளிதில் கழலும்; அப்படிச் செய்தபின் நரம்பைத் தளரவிடாமல் மீனை இழுத்து வர வேண்டும்.