பதினேழு நோட்டுகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். 2022இல் இலங்கை தவித்தபோது இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. பூட்டானுக்கு அணை, நேபாளத்துக்குப் பெட்ரோல் குழாய், மாலத்தீவுக்குக் கடன் என்று எல்லாம் செய்கிறோம். ஆனால் மாலத்தீவில் ‘இந்தியாவே வெளியேறு’ என்று 2023 தேர்தலில் முழங்கினார்கள். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்ட சீனாவுக்கோ வரவேற்பு. நன்றி இல்லாதவர்களிடம் வளரும் வல்லரசு ஏன் தயவு காட்ட வேண்டும்? பொருளாதார பலத்தை வைத்துக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் என்ன?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் எங்கள் தெருக் கூர்க்கா தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் புறப்பட்டார். மேற்கு நேபாளத்தில் அச்சாம் மாவட்டம். ரயிலில் டெல்லி, அங்கிருந்து பஸ்ஸில் பன்பாசா, மகாகாளி ஆற்றைக் கடந்தால் நேபாளம், பிறகு மலைப்பாதை. அவரை வழியனுப்பியதிலிருந்து என் மனம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து ‘நன்றி இல்லாதவர்கள்’ என்ற சொல்லோடு நீங்கள் வந்தீர்கள்.

தம்பி, அந்தச் சொல்லை முதலில் கீழே வையுங்கள். இலங்கைக்குப் போனதில் பெரும்பகுதி கடன், நாணயப் பரிமாற்றம், தவணை ஒத்திவைப்பு. ஆபத்து நேரத்தில் ஓடிப்போய்க் கொடுத்தோம், அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் கடனைக் கொடுத்துவிட்டு, வட்டியோடு நன்றியையும் சேர்த்து வசூலிப்பவரை நம் ஊரில் யாரும் பெரிய மனிதர் என்று சொல்வதில்லை. பூட்டானில் சுக்கா மின்நிலையத்துக்கு 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன் கொடுத்தோம். அவர்கள் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை நாமே விலைக்கு வாங்கினோம். இரண்டு வீட்டிலும் விளக்கு எரிந்தது. அதே பூட்டானில் 2013 தேர்தல் சமயத்தில் சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தந்துவந்த மானியத்தை நிறுத்தினோம். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று காரணம் சொல்லப்பட்டது. ஓட்டுப் போடப் போகிற பெண்ணுக்கு ஒப்பந்தமா தெரியும்? அடுப்புச் செலவு ஏறியது தெரியும்.

அம்பாந்தோட்டை பற்றியும் மாலத்தீவு பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இறுக்கிப் பிடித்தால் என்ன என்று கேட்கிறீர்கள். பிடித்துப் பார்த்தாயிற்று. சீனாவிடம் நேபாளம் ஆயுதம் வாங்கிய கோபத்தில், 1989 மார்ச்சில் வணிக ஒப்பந்தங்கள் காலாவதியானபோது இரண்டு எல்லை வழிகளைத் தவிர மற்றவற்றை அடைத்தோம். மண்ணெண்ணெய் இல்லாமல் ஜனங்கள் காட்டை வெட்டி அடுப்பெரித்தார்கள். பிறகு 2015. ஏப்ரல் நிலநடுக்கத்தில் 9,000 பேர் வரை இறந்த நாடு. கூடாரத்தில் கிடந்தவர்களுக்குக் குளிர்காலம் நெருங்குகிறது. செப்டம்பர் 20 அன்று அவர்களின் புதிய அரசியலமைப்பு வந்தது, டெல்லிக்குப் பிடிக்கவில்லை, சில நாட்களில் பீகார் எல்லையான ரக்சவுலில் லாரிகள் நின்றன. எல்லையில் மதேசிகள், அதாவது நேபாளத்தின் தெற்குச் சமவெளி மக்கள், போராடுகிறார்கள், லாரிக்காரர்கள் போக அஞ்சுகிறார்கள் என்றது நம் அரசு. மதேசிகளின் குறை உண்மையானது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் போராட்டம் நடக்காத எல்லைகளிலும் லாரிகள் தேங்கின. தன் பெட்ரோல் முழுவதையும் இந்தியாவிலிருந்தே வாங்கிய நாடு அது. பிப்ரவரி வரை இழுத்தது. அடுத்த மாதமே நேபாளப் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பெய்ஜிங் போய்ச் சீனத் துறைமுகங்கள் வழியாகச் சரக்குக் கொண்டுவர ஒப்பந்தம் போட்டார். நீங்கள் விரும்புகிற இறுக்கத்தின் பலன் இதுதான். 2019இல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்ச் வரை 69 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டோம், நல்ல காரியம். ஆனால் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் அதன் திருகு யார் கையில் என்று அவர்களுக்கு நினைவு வரும்.

இதெல்லாம் ராஜதந்திரம். எனக்கு இதைவிட ஆறாமல் இருப்பது வேறொன்று.

கூர்க்காவுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. இரவெல்லாம் விசில் ஊதி, தடியைத் தட்டி, மாத முதல் வாரத்தில் வீட்டுக்கு வீடு இருபதும் முப்பதுமாக வாங்கிச் சேர்ப்பார். ஊருக்குப் போகும்போது அந்தக் கசங்கிய நோட்டுகளைக் கொண்டுவந்து என் திண்ணையில் வைப்பார். நான் எண்ணி நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொடுப்பேன். நூறுக்கு மேற்பட்ட இந்திய நோட்டை நேபாளத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. 2015இல் அந்த விதியை நம் அரசே தளர்த்தியது. 500, 1,000 ரூபாய் நோட்டுகளாக 25,000 ரூபாய் வரை கொண்டுபோகலாம். அந்தச் செய்தியை நான்தான் அவருக்கு வாசித்துச் சொன்னேன். “இனிமேல் பயப்படாதீர்கள், ஐந்நூறாகவே வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். 2016 தசைனுக்கு அவர் போனபோது 17 ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை என் கையால் கொடுத்தேன். உள்பனியனில் பை தைத்துக் கொண்டுபோனார். தன் அம்மாவிடம் கொடுத்து, வீட்டுக்குத் தகரக் கூரை போடச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அவர் வந்த சில நாட்களில் நவம்பர் 8. இரவு எட்டு மணிக்கு அந்த நோட்டுகள் செல்லாது என்றார்கள். மறுநாளே நேபாளத்தின் மத்திய வங்கியும் அவற்றின் புழக்கத்தை நிறுத்தியது. இங்கே நமக்கு டிசம்பர் 30 வரை வங்கியில் கட்ட அவகாசம் இருந்தது. அச்சாமின் மலையில் இருந்த கிழவி எந்த வரிசையில் போய் நிற்பாள்? அவருடைய மைத்துனர் ஜனவரியில் நோட்டுகளைக் கொண்டுவந்து சேர்த்தார். நான் போய்க் கேட்ட இடத்தில் தலையைக்கூட நிமிர்த்தாமல் முடியாது என்றார்கள். பழைய நோட்டு பத்துக்கு மேல் வைத்திருந்தால் குற்றம் என்று ஒரு சட்டமும் வந்தது. அபராதம் 10,000 ரூபாய், அல்லது நோட்டுகளின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரவு முழுக்க நம் தெருவைக் காத்து அவர் சேர்த்த 8,500 ரூபாய்க்கு 42,500 ரூபாய் அபராதம்.

இது ஒரு கூர்க்காவின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1993இலிருந்து நம் 100 ரூபாய்க்கு அவர்களின் 160 ரூபாய் என்று மாறாத விகிதம். தங்கள் நாணயத்தையே நம் நாணயத்தில் கட்டிப்போட்டிருக்கிற நாடு. நோட்டின் மேல் நம் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருக்கிறது. வைத்திருப்பவருக்கு இத்தனை ரூபாய் தருவேன் என்ற வாக்குறுதிக்குக் கீழே அந்தக் கையெழுத்து. வைத்திருப்பவர் இந்தியராக இருக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. தங்கள் வங்கிகளில் தேங்கியதை மாற்றித் தரும்படி நேபாளம் ஆண்டுக்கணக்கில் கேட்டது. மாற்றித் தரவில்லை. நம் கஜானாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லாத தொகை. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்திருக்கும். நாற்பது அணை கட்டிக் கொடுத்தாலும் கிடைக்காத நல்ல பெயரை அந்தக் கையெழுத்து வாங்கித் தந்திருக்கும், அதைப் போட நமக்கு மனம் வரவில்லை. 2018 டிசம்பரில் நூறுக்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை நேபாள அரசே தடை செய்தது. நீங்கள் அதையும் நன்றிகெட்டதனம் என்பீர்களா?

கூரைக்குப் பணம் நான் தருகிறேன் என்றேன். அவர் வாங்கவில்லை. என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அடுத்த நாள் இரவு வழக்கம்போல என் வாசலில் தடியைத் தட்டிவிட்டுப் போனார். நான் தூங்கவில்லை.

இந்த வருடமும் புறப்படுமுன் கசங்கிய நோட்டுகளோடு திண்ணைக்கு வந்தார். அவற்றை எண்ணி முடித்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். “நூறாகவே கொடுங்கள் அம்மா” என்றார். கட்டு பெரிதாக இருக்குமே, வழியில் திருட்டுப் பயம் உண்டே என்று கேட்டேன். “பரவாயில்லை அம்மா, ஊரில் என் அம்மாவுக்கு நூறுதான் வேண்டுமாம்” என்றார். எண்ணிக் கொடுத்தேன்.

அன்புடன்.