டெவலப்பருக்கு எத்தனை புரோட்டோகால் தெரிய வேண்டும்?

கேள்வி: இரண்டு வருடமாக பேக்எண்ட் வேலை பார்க்கிறேன். நெட்வொர்க்கிங் படிக்கலாம் என்று உட்கார்ந்தால் பிஜிபி, ஓஎஸ்பிஎஃப், எஸ்என்எம்பி என்று புரோட்டோகால்களின் (கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறைகளின்) பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். நீங்கள் சொன்ன மூன்றும் நெட்வொர்க்கைப் பராமரிப்பவர்களுக்கானவை. அப்ளிகேஷன் எழுதுகிற உங்களுக்குப் பெயர் தெரிந்திருந்தால் போதும். ஊன்றிப் படிக்க வேண்டியவை நான்குதான்: டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது), டிசிபி (இரு கணினிகளுக்கு இடையே இணைப்பு ஏற்படுத்துவது), டிஎல்எஸ் (அந்த இணைப்பை மறையாக்கிப் பாதுகாப்பது), எச்டிடிபி (ரிக்வெஸ்ட்டும் பதிலும் போய்வரும் முறை).

ஏன் இந்த நான்கு? டெர்மினலிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் கட்டளையை, ஒவ்வொரு படியையும் காட்டும் வெர்போஸ் ஆப்ஷனோடு ஏதாவது ஒரு எச்டிடிபிஎஸ் முகவரிக்கு ஓட்டிப் பாருங்கள். பெயர் ஐபி முகவரியாக மாறும், 443 போர்ட்டில் இணைப்பு கிடைக்கும், சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும், அப்புறம்தான் உங்கள் ரிக்வெஸ்ட் போகும். நான்கும் அதே வரிசையில் திரையில் வந்துவிடும்.

இதில் பலர் தாண்டிப் போவது டிசிபியை. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு', 'கனெக்‌ஷன் டைம்அவுட்' இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் உங்கள் பாக்கெட் போய்ச் சேர்ந்து, மறுப்பும் திரும்பி வந்திருக்கிறது. பெரும்பாலும் அந்த போர்ட்டில் எந்த புரோகிராமும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம். இரண்டாவதில் இணைப்பு கேட்டு நீங்கள் அனுப்பிய முதல் பாக்கெட்டுக்கு (சின்) பதிலே இல்லை. ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம், ஐபி தப்பாக இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாத காலத்தில், டைம்அவுட் வந்ததற்கு அரை நாள் முழுக்க சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தவன் நான். கோளாறு ஃபயர்வால் விதியில் இருந்தது.

டிஎன்எஸ்ஸில் டிடிஎல் (ஒரு பதிலை எத்தனை வினாடி சேமித்து வைத்துப் பயன்படுத்தலாம் என்ற எண்) புரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது 3600 என்று இருந்தால், சர்வரை மாற்றிய பிறகும் ஒரு மணி நேரம் வரை சிலர் பழைய முகவரிக்கே போவார்கள். மாற்றுவதற்கு முந்தைய நாளே 300 ஆகக் குறைத்துவிடுங்கள். டிஎல்எஸ்ஸுக்குப் பின்னால் உள்ள கணிதம் இப்போதைக்கு வேண்டாம், சான்றிதழ் சங்கிலி (தளத்தின் சான்றிதழை இடைநிலைச் சான்றிதழும், அதை நம்பகமான மூலச் சான்றிதழும் உறுதிசெய்வது) போதும். பிரவுசரில் திறக்கிற தளம் கர்லில் மட்டும் சான்றிதழ் பிழை காட்டினால், சர்வர் இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லையா என்று முதலில் பாருங்கள். எச்டிடிபியில் 502க்கும் (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து தவறான பதில்) 504க்கும் (அதனிடமிருந்து நேரத்துக்குள் பதில் இல்லை) உள்ள வேறுபாடு, எந்த மெத்தடை பயமில்லாமல் மறுபடி அனுப்பலாம் என்பது, கேஷ் ஹெடர்கள் — இவை தினமும் கைகொடுக்கும்.

மற்றவை வேலை கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். சாட் செய்கிறீர்களா, வெப்சாக்கெட். சென்சார்களோடு பேச வேண்டுமா, எம்க்யூடிடி. சர்வீஸ்கள் தங்களுக்குள் பேச ஜிஆர்பிசி. அது எச்டிடிபி/2 மேல்தான் ஓடுகிறது, அதனால் அடித்தளம் தெரிந்தவருக்குச் சுலபம். டிசிபி போல இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் யுடிபியை மட்டும் 'கேம்களுக்கானது' என்று ஒதுக்க வேண்டாம். 2022இல் தரநிலையாக வெளிவந்த எச்டிடிபி/3, டிசிபியை விட்டுவிட்டு யுடிபி மேல் ஓடும் க்விக்கைத்தான் பயன்படுத்துகிறது.

கோப்புகளை அனுப்பும் பழைய புரோட்டோகாலான எஃப்டிபியைக் கற்க நேரம் ஒதுக்காதீர்கள். யாராவது எஸ்எஃப்டிபி கேட்டால் குழம்பவும் வேண்டாம். பெயர்தான் ஒத்துப்போகிறது, அது எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள சர்வரில் பாதுகாப்பாக நுழையும் முறை) மேல் ஓடும் வேறு புரோட்டோகால்.