வாசகர் கேள்வி – பதில்: மெலட்டூர் பாகவத மேளா

கேள்வி: எங்கள் பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூர். நான் பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வரும் நரசிம்ம ஜயந்திக்கு எங்கள் ஊரில் ஆடும் பாகவத மேளா நாட்டிய நாடகமான பிரகலாத சரித்திரத்தில், பிரகலாதனின் தாய் லீலாவதியாக வேடம் போடச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள். பாட்டுக் கொஞ்சம் தெரியும், நடனம் சிறு வயதில் கற்றதோடு சரி. அமெச்சூராகிய நான் மேடையேறுவது கலைக்கு இழுக்காகிவிடுமோ என்று தயங்குகிறேன். (வாசகர், பெங்களூரு)

பதில்: தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். நாயக்கர் காலத்தில் அச்சுதப்ப நாயக்கர் வழங்கிய கொடையில் வளர்ந்த உங்கள் ஊரில், மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிவைத்த இந்த நாடகங்களைத் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்தவர்கள் கூலிக்கு ஆடியவர்கள் அல்லர். வேறு வேலை பார்த்துக்கொண்டு, நரசிம்மருக்குச் செய்யும் வழிபாடாக எண்ணி ஆண்டுதோறும் ஊர் திரும்பி வேடம் கட்டியவர்கள். சென்னையில் 1891ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கியபோதும், வழக்கறிஞர்களும் உத்தியோகஸ்தர்களும் ஊதியம் கருதாமல்தான் மேடையேறினார்கள். ஆகவே அமெச்சூர் என்ற சொல்லைக் குறைச்சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சியில் குறை வைத்தால்தான் இழுக்கு.

முதலில் உங்கள் பாத்திரத்துக்குரிய தருக்கள் என்னும் நாடகப் பாடல்களையும் வசனத்தையும் தமிழ் எழுத்தில் உங்கள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் தெரியாமல் பாடம் பண்ணிய வசனம், எவ்வளவு பிசகில்லாமல் வந்தாலும், முகத்தில் தங்காது. அடுத்து, ஒத்திகை தொடங்கும் நாளிலிருந்தே புடவை கட்டிக்கொண்டு ஆடிப் பழகுங்கள். வேட்டியில் பழகிய அடி, கொசுவம் காலைத் தட்டும்போது தாளம் தவறிவிடும். பெண் வேடம் என்றதும் இடுப்பை ஒடித்துக் குரலைக் கீச்சிட வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அதை அடியோடு விட்டுவிடுங்கள். கணவனின் ஆணைக்கும் பெற்ற பிள்ளையின் உயிருக்கும் நடுவே நிற்கும் தாய் லீலாவதி. ஒரு பெரியவர் அந்த வேடத்தில், பிரகலாதனின் தலையை வருடப் போன கையை, கணவன் பார்க்கிறானோ என்ற அச்சத்தில் பாதியிலேயே நிறுத்தி, மெல்ல மடியில் வைத்துக்கொண்டதை ஒருமுறை பார்த்தேன். அந்த ஒரு கணத்துக்காகவே இரவு முழுவதும் விழித்திருக்கலாம். விடுப்பை விழா நாளுக்கு மட்டும் கேட்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்னதாக ஊருக்குப் போய், பாடுபவரோடும் மிருதங்கக்காரரோடும் சேர்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்குத் தெலுங்கு தெரியாது. விடிய விடிய உட்கார்ந்து பார்த்தால் புரியுமா? (வாசகி, திருச்சி)

பதில்: பிரகலாதன் கதை தெரியாதவர் நம் வீடுகளில் இல்லை என்பதால் மொழி பெரிய தடையாக இராது, ஆனாலும் காட்சிகளின் வரிசையை முன்கூட்டியே யாரிடமாவது கேட்டுக்கொண்டு போனால் இன்னும் நன்றாக ரசிக்கலாம். தாமதமாகப் போய் நல்ல கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். கூம்புத் தொப்பியோடு கோணங்கி என்னும் கோமாளி குதித்தாடி வந்து சபையை அமைதிப்படுத்துவதும், யானைமுக முகமூடி அணிந்த சிறுவன் பிள்ளையாராக வந்து ஆடுவதும் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடும். முகமூடியின் கனத்தில் சற்றே சாய்ந்த தலையை நிமிர்த்திக்கொண்டு, தாளத்தை மட்டும் நம்பி அடியெடுத்து வைக்கும் அந்தப் பிள்ளையை உற்றுக் கவனியுங்கள். அவர்களில் சிலர் வளர்ந்து பெரிய வேடங்களுக்கு வந்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு முக்கியப் பாத்திரமும் திரைக்குப் பின்னிருந்து தனக்குரிய பிரவேச தருவோடு நுழையும். அந்தத் தருவின் ராகமும் நடையுமே வருபவரின் குணத்தைச் சொல்லிவிடும் என்பதால், அங்கே காதைத் தீட்டி வைத்துக்கொண்டால் பாதி நாடகம் விளங்கிவிடும். கோயிலில் வைத்துப் பூசிக்கப்படும் நரசிம்ம முகமூடியை விரதமிருந்து அணிபவர் வெளிப்படுவது பின்னிரவு கடந்த பிறகுதான். அப்போது அவருக்கு ஆவேசம் மிகும் என்பதால் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார்கள். கைப்பேசி வெளிச்சத்தை அந்த நேரத்தில் அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பரதம் பயிலும் என் மகள் இதில் ஆட முடியுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மெலட்டூர் மரபில் எல்லா வேடங்களையும் ஆண்களே ஏற்கிறார்கள். வழிபாட்டோடு பிணைந்த வழக்கம் என்பதால் அதை வெளியிலிருந்து கேள்வி கேட்கத் தயங்குகிறேன், எனினும் பயின்ற பெண் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க மட்டுமே முடிகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இதே நாடகங்கள் சிலவற்றை ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் அமைத்தபோது பெண்களும் ஆடினார்கள். ஆகவே தருக்களையும் அபிநயத்தையும் உங்கள் மகள் தாராளமாகக் கற்கலாம். அதற்கு முன், ஒரு நரசிம்ம ஜயந்தி இரவில் அவளை மெலட்டூருக்கு அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.